பார்வத்தியார் சொன்ன ‘நாளைக்கு மதி’

சென்ற மாதம் எங்கள் ஊர் வில்லேஜ் ஆபீசில் தேங்கிக் கிடக்கும் கோப்புகளைத் தீர்த்து வைக்க ஓர் அதாலத் நடத்தினார்கள். ஓய்வு பெற்றவர்களில் இன்னும் எழுந்து நடமாடுகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் அழைத்து, வேலையை உடனுக்குடன் முடிப்பது பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசினேன், கைதட்டினார்கள். பேசியதில் பாதி பொய். சாயா குடிக்கும்போது ஒரு இளம் குமாஸ்தாப் பெண், சர்வீசில் எந்தக் கடுதாசியைத் தாமதித்ததற்காக வருத்தப்படுகிறீர்கள் என்று கேட்டாள். தாமதிக்காமல் அனுப்பிய ஒன்றுக்காகத்தான் என்றேன். கிழவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது, அவளுக்கு விளக்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில். தமிழ் பேசும் தாலூக்காக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையிலும் சுற்றுவட்டத்திலும் தினமும் ஊர்வலம். ஊர்வலம் இல்லாத நாளில் போலீஸ் வண்டி. எனக்கு இருபத்திரண்டு வயது. தாலூக்காக் கச்சேரியில் ஆறு மாதம் பழகினேன். வருகிற தபாலுக்கு எண் போடுவது, ரிஜிஸ்தரில் ஏற்றுவது, கோப்பை ஊசியால் குத்தி நூல் கோப்பது, இவ்வளவுதான் பயிற்சி. பிறகு கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பகுதிக் கச்சேரியில் போட்டார்கள். இன்றைய வில்லேஜ் ஆபீசுக்கு அன்று அதுதான் பெயர். அதன் தலைவர் பார்வத்தியார்.

எங்கள் பார்வத்தியார் கேசவ பிள்ளை. மெலிந்த, உயரமான மனிதர். மலையாளம்தான் வீட்டுப் பேச்சு, எங்களிடம் பேசும்போது அதையும் தமிழையும் பிசைந்து பேசுவார். காலையில் வந்ததும் நாற்காலியைத் துடைப்பார். துடைத்ததில் திருப்தி இல்லாமல் இன்னொரு முறை துடைப்பார். பிறகு நான் அடுக்கி வைத்திருக்கும் தபாலை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசி வரி வரை வாசித்து, மெதுவாக மேசையின் இழுப்பறைக்குள் விடுவார்.

“ஞானதாசா, நாளைக்கு மதி” என்பார். நாளைக்குப் போதும் என்று அர்த்தம்.

மாதக் கடைசியில் தீராத கடுதாசிகளின் பட்டியலை மேலே அனுப்ப வேண்டியவன் நான். தாலூக்காவிலேயே நீளமான பட்டியல் எங்களுடையதுதான். ஒருவர் தன் வேலியோரம் நிற்கும் பலாவை வெட்ட அனுமதி கேட்டு மனுக் கொடுத்திருந்தார். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்வத்தியார் விளக்கம் கேட்டார். தெற்கே என்று பதில் வந்தது. தெற்கே என்றால் வீட்டுப் பக்கமா, தோட்டப் பக்கமா என்று மறுபடி கேட்டார். அந்தப் பதில் வருமுன் இடவப்பாதிப் பருவமழையில் மரம் தானாக விழுந்துவிட்டது. ‘மரமே தீர்மானித்துவிட்டபடியால் கோப்பு முடிக்கப்படுகிறது’ என்று எழுதி ஒப்பு, அதாவது கையெழுத்து, போட்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் நடுவரப்புக்குச் சண்டை போட்டு, நேரில் வந்து பார்க்கும்படி எட்டு மாதம் நடந்தார்கள். கடைசியில் அந்த வீட்டுப் பையனும் இந்த வீட்டுப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பார்வத்தியார் பந்தியில் உட்கார்ந்து பிரதமன் பாயசம் குடித்துவிட்டு வந்து, ‘ஸ்தலம் நேரில் பார்வையிடப்பட்டது’ என்று குறிப்பு எழுதினார்.

இதையெல்லாம் சாயங்காலம் எதிர்க் கடையில் போய்ச் சொல்லுவேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அருளப்பனின் தையல் கடை. என் வயதுக்காரன். மிஷன் கோவில் பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவன், கனத்த சாரீரம். நான் பார்வத்தியாரைப் போல நாற்காலி துடைத்துக் காட்டினால் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பான். அவன் சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கிற தையல்காரன், பாறசாலையிலிருந்துகூட ஆள் வரும். ஊர்வலங்களில் கோஷம் எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். அந்தத் தொண்டைக்கு வேறு யாரைக் கூப்பிடுவார்கள்.

அப்போதுதான் தாலூக்காவிலிருந்து ‘ரகசியம்’ என்று சிவப்பு மையில் எழுதிய உறை வந்தது. எங்கள் பகுதியில் போராட்டத்தில் முன்நிற்பவர்களின் பட்டியலை உடனே அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல் போலீசுக்குப் போகும், போனவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வேறு பகுதிகளில் அடி வாங்கியவர்களை வெள்ளைத்துணியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்ததை நாங்கள் பார்த்திருந்தோம்.

பார்வத்தியார் கச்சேரிச் சிப்பந்தி பொன்னையனைக் கூப்பிட்டு விசாரித்தார். பொன்னையன் சொல்லச் சொல்ல, ஒரு பழைய தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு பெயரையும் சத்தமாக இரண்டு முறை திருப்பிச் சொன்னார். ரகசியக் கடுதாசியை இப்படிக் கூவி எழுதுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பதினொரு பெயர். முதலாவது நேசையன், ஏழாவதோ எட்டாவதோ அருளப்பன். எழுதி முடித்துத் தாளை இழுப்பறையில் வைத்தார். நாளைக்கு மதி.

அன்று சாயங்காலத்துக்குள் பொன்னையன் பதினொரு வீட்டிலும் சொல்லிவிட்டான். ஒவ்வொருவராக அம்பூரி பக்கம் மலை ஏறத் தொடங்கினார்கள், அங்கே ரப்பர்த் தோட்டங்களில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். நான் அருளப்பனிடம் போய், நீ எப்போது போகிறாய் என்று கேட்டேன்.

“ரெண்டு கல்யாணத்துத் துணி கெடக்குது மக்கா. வாக்குச் சொல்லியாச்சு. தீத்துக் குடுத்துட்டு நாளைக்குப் போறேன்.”

மறுநாளும், பிறகு கேட்டபோதெல்லாமும் அதையே சொன்னான்.

பார்வத்தியார் இதற்குள் தாலூக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெயர் மட்டும் போதுமா, தகப்பன் பெயரும் வீட்டுப்பெயரும் வேண்டுமா? வேண்டும் என்று ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த கடிதம் எழுதினார். இந்தப் பகுதியில் நேசையன் என்று மூன்று பேர் உண்டு, அதில் இரண்டு பேருக்குப் பனவிளை என்றே வீட்டுப்பெயர், ஒருவருக்குத் தகப்பன் பெயரும் நேசையன், இவர்களில் எந்த நேசையனை அரசு விரும்புகிறது? நகல் எடுத்தவன் நான். சிரிப்பை அடக்க முடியாமல் மை சிந்திற்று. ஆனால் உள்ளூரப் பயம். என் பிரபேஷன் முடிய இரண்டு மாதம் இருந்தது. இந்த மனிதரோடு சேர்த்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது.

அடுத்த வாரம் கள்ளிக்காடு என்ற ஊரில் பார்வத்தியாரின் அக்காள் இறந்துவிட்டார். புறப்படும்போது வாசலில் நின்று, எது வந்தாலும் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தச் சோம்பேறித்தனத்துக்கு இழவு வீடு கூட ஒரு சாக்கு என்று மனதில் நினைத்துக்கொண்டேன். நினைத்தது உண்மை, மறைத்துப் பயனில்லை.

அன்று பதினொரு மணிக்குத் தாலூக்காச் சிப்பந்தி சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் மூன்றாவது நினைவூட்டல். பட்டியலை இந்த ஆளின் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும், தவறினால் பொறுப்பில் இருக்கும் குமாஸ்தா மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, ஹெட் குமாஸ்தா கடும் கோபத்தில் இருக்கிறார், வெறுங்கையோடு வராதே என்று சொல்லித்தான் அனுப்பினார் என்றான்.

பார்வத்தியார் சொல்லைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் இழுப்பறையைத் திறந்தேன். பென்சில் தாளை எடுத்தேன். தகப்பன் பெயர், வீட்டுப்பெயர் எல்லாம் நிலவரி கட்டுகிறவர்களின் தண்டப்பேர்ப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பினேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி அகர வரிசையில் அடுக்கினேன். அருளப்பன் முதலாவது வந்தான்.

அங்கே பேனா நின்றது. பெயரை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அது கள்ளத்தனம் என்று பட்டது. நேர்மையானவன் என்ற கர்வம் எனக்கு அப்போது ரொம்ப உண்டு. நேற்றே மலை ஏறியிருப்பான் என்று சொல்லிக்கொண்டேன். அதே நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் மனைவிக்கும் தைக்கத் தெரியுமே என்று அதற்கும் ஒரு பதில் வைத்தேன். எழுந்து போய் எட்டிப் பார்க்க இருபது அடி தூரம், போகவில்லை. எழுதினேன். கீழே ‘பார்வத்தியாருக்காக’ என்று எழுதி நானே ஒப்புப் போட்டு, அரக்கு வைத்து மூடிக் கொடுத்தேன். சைக்கிள் போயிற்று. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்சில் பார்வத்தியார் வந்துவிட்டார். அவர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, பாராட்டுவார் என்ற நினைப்பில் செய்தியைச் சொன்னேன். அவர் கை நின்றது. திட்டவில்லை. துணியை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒப்பு ஆருடையது?”

“என்னுடையதுதான் சாறே. தங்களுக்காக.”

“அப்படியெங்கில் ஒரு வழி உண்டு. வா” என்றார். அவர் வேகமாக நடந்து அன்றுதான் பார்த்தேன். செருப்பு போடக்கூட மறந்துவிட்டார். எதிர்க் கடையைப் பார்த்தேன், கதவு இன்னும் திறக்கவில்லை. அப்பாடா, போய்விட்டான் என்று நினைத்தேன். அருளப்பன் எட்டரைக்குத்தான் கடை திறப்பான் என்பது பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பஸ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி சொன்னார்: “பதினொண்ணுல எட்டு பேரு மலை ஏறியாச்சு. மிச்சம் மூணு பேருக்கு வேண்டியாக்கும் நான் நேசையன், நேசையன்னு எழுதிக்கிட்டிருந்தது. இன்னும் ரெண்டு நாள் மதியாயிருந்தது எடோ.”

பொன்னையன் போய் எல்லார் வீட்டிலும் சொல்லட்டும் என்றுதான் அவர் பெயர்களைக் கூவிக் கூவி எழுதினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் நான் கடையில் நடித்துக் காட்டிச் சிரித்தது எதை என்றும் புரிந்தது.

தாலூக்காக் கச்சேரியில் ஹெட் குமாஸ்தாவின் மேசை மீது என் பட்டியல் விரிந்து கிடந்தது. என் கையெழுத்து அழகானது, தூரத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் உட்கார்ந்து தன் நோட்டில் அதைப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தார். நாங்கள் உள்ளே நுழையும்போது முதல் வரியை முடித்து, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

பார்வத்தியார் கும்பிட்டுவிட்டு, கொஞ்சமும் பதறாமல் பேசினார். இது என்னுடைய பட்டியல் அல்ல. ஒப்புப் போட அதிகாரமில்லாத குமாஸ்தா, நான் லீவில் போனபோது விசாரணை இல்லாமல் எழுதியது. இதை வைத்து ஆளைப் பிடித்து, நாளைக்குக் கோர்ட்டில் இந்த ஒப்பு யாருடையது என்று கேட்டால் யார் கூண்டில் ஏறுவது, தாங்களா, நானா? முறைப்படி திருப்பிக் கொடுத்தால் திருத்தி அனுப்புகிறேன்.

ஹெட் குமாஸ்தா யோசித்தார். கூண்டு என்ற சொல் வேலை செய்தது. ஆனால் அவரும் பழுத்த ஆள். அப்படியென்றால் குற்றத்தை இந்தப் பையன் கைப்பட எழுதித் தரட்டும் என்றார். பார்வத்தியார் என்னைப் பார்த்தார். எழுது என்று சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. எழுதினால் வேலை போகலாம். வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கைகள் இரண்டு பேர். பேனாவை எடுத்து எழுதினேன். ‘அதிகாரமின்றியும், மேலதிகாரிக்குத் தெரியாமலும், கேள்விப்பட்டதை மட்டும் வைத்தும் தயாரித்தேன்.’ பட்டியல் எங்கள் கைக்குத் திரும்பி வந்தது.

ரைட்டர் நோட்டை மூடினார். உள்ளே ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிடுங்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். பார்வத்தியார் என் கையை அழுத்திப் பிடித்தார். கேட்டால், அந்தப் பெயர் முக்கியமான பெயர் என்று நாமே காட்டிக்கொடுத்தது போலாகும். ரைட்டர் மறந்தும் போகலாம். வாயை மூடிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம். அந்த நோட்டு அவர் கக்கத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேசையனை முதலில் இருந்தபடியே எழுதியிருந்தால், ரைட்டர் நோட்டில் ஏறியது அம்பூரி மலையில் பத்திரமாக இருந்தவன் பெயராக இருந்திருக்கும்.

திரும்பும்போது ரோட்டில் கல்லைப் போட்டு மறித்திருந்தார்கள், பஸ் நின்றுவிட்டது. நடந்தோம். வழியில் போலீஸ் வண்டி ஒன்று தோட்டத்துக் குறுக்கு வழியாக எங்களைத் தாண்டிப் போனது. பார்வத்தியார் வெறுங்காலோடு ஓடினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். அருளப்பன் கடைக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. ஒரு சட்டையின் கை பாதி தைத்தபடி மெஷின் ஊசிக்கடியில் இருந்தது. அவன் மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புறப்படுவதாக இருந்தான், இந்தக் கை ஒன்றுதான் பாக்கி என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து அவனை விட்டார்கள். வலது கையில் பெருவிரலும் அடுத்த விரலும் நசுங்கியிருந்தன, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்ற இரண்டு பேரும் அதற்குள் மலை ஏறிவிட்டார்கள், பத்துப் பேருக்கும் ஒரு கீறல் இல்லை. பட்டியலை மறுபடி அனுப்புவதற்குள் கலெக்டர் மாறினார், மந்திரிசபை விழுந்தது, எல்லைக் கோடும் கிழித்தாயிற்று. விளவங்கோடு தாலூக்கா சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் கேரளப் பக்கம் நின்றோம்.

என் மேல் நடவடிக்கை எடுக்கும் கோப்பு பார்வத்தியாரிடம் விசாரணைக்கு வந்தது. அவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்புவார், நான் பதில் எழுதுவேன், அந்தப் பதிலில் ஒரு விளக்கம் கேட்பார். ஒரு முறை, ஒப்புப் போட்ட பேனா கச்சேரிப் பேனாவா சொந்தப் பேனாவா என்று கேட்டிருந்தார். வாசித்துவிட்டுச் சிரித்தேன், அப்படியே அழுதும்விட்டேன். அவர் ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் கோப்பு முடியவில்லை, பிறகு எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியாது. எனக்குப் பிரமோஷன் எல்லாம் காலா காலத்தில் கிடைத்தது.

அருளப்பன் இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகினான். மெதுவாகத்தான் வரும். மாதங்கள் போக, ஊர் காரணத்தை மறந்தது, தாமசம் மட்டும் நினைவிருந்தது. அருளப்பன் கடையில் ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த துணி கல்யாணத்துக்குக் கிடைக்கும் என்று பிள்ளைகள் கூடக் கேலி செய்யும். அவனும் சேர்ந்து சிரிப்பான். நான் அங்கே இருந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடினோம், அவன் மகள் கல்யாணத்துக்கு நான் ஓடியாடி வேலை செய்தேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் கழியட்டும் என்பேன். ஈஸ்டர் கழியட்டும் என்பேன். எந்தக் கடுதாசியையும் மறுநாளுக்கு வைக்காதவன் என்று கச்சேரியில் எனக்குப் பெயர்.

ஓய்வு பெற்ற மறு வாரம் ஒரு சட்டைத் துணியை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். மத்தியானம், வேறு யாரும் இல்லை. துணியை அவன் கையில் கொடுத்துவிட்டு, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அகர வரிசை, மெஷின் சத்தம், இருபது அடி தூரம், எதையும் விடவில்லை. அவன் துணியின் ஓரத்தை நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தெரியும் மக்கா. பார்வத்தியாரு ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே சொல்லியாச்சு.”

பின்னே இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

“நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். முதல்ல ஒரு வருஷம் தெனமும் பாத்தேன். பின்ன அப்பிடியே போச்சு.” அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இழுத்தான். “முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சுல்லா. ஊரு என்னையாக்கும் தாமசக்காரன்னு சொல்லுது.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான், பழைய கனத்த சிரிப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் மறைத்தது. கையைத் தூக்கு, நெஞ்சு அளவு எடுக்கணும் என்றான். தூக்கினேன். இடது கையால் நாடாவைச் சுற்றி, மடங்காத அந்த இரண்டு விரலால் என் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எண்ணைப் பார்க்க அவனுக்கு நேரமாயிற்று. சட்டை என்றைக்குக் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை.